பதினோரு வருஷத்துக்குப் பதினோரு நாள்

வடவள்ளியைத் தாண்டி உள்ளே பிரிகிற ஒரு சந்தில் இருந்தது அந்த முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே புதிதாக வருகிறவர்களிடம் முதலில் போய்ப் பேசுவது நாச்சியம்மாளின் வேலை. யாரும் உத்தரவு போட்டு வந்த வேலையல்ல, அவளாக எடுத்துக்கொண்டது. வந்த முதல் வாரம் எல்லோரும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார்கள். நாச்சியம்மாள் வாக்கரை ஊன்றிக்கொண்டு போய்க் கட்டிலருகே நிற்பாள். "ஏனுங்க, இங்கத்த கொழம்புல உப்பு எச்சா இருக்குதுங்களா, கம்மியா இருக்குதுங்களா?" என்று கேட்பாள். குறை சொல்ல இடம் கொடுத்தால் வாய் திறக்காத மனிதர் உண்டா? நாலாம் நாள் அவர்கள் தாயக்கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள்.

இடுப்பெலும்பு முறிந்து தேறிய பிறகு அவள் பெருந்துறையில் மகள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். மகள் பூங்கொடியும் மருமகனும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பொழுது சாயும்வரை அந்த வீட்டில் ஒரு குரல் கேட்காது. "ஆளு சத்தம் இருக்கற எடமாப் பாத்து என்னையக் கொண்டுபோய் உடு கண்ணு" என்று அவளே கேட்டு, நான்கு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து சேர்ந்தாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்பது பூங்கொடிக்குத் தெரியும். இல்லத்தில் யாருக்கும் தெரியாது.

ரிஃபானாவுக்கும் தெரியாது. கோட்டைமேட்டுப் பெண், இல்லத்தின் நல அலுவலர். கொரோனா காலத்தில் அறைக்கதவுகளைச் சாத்தி வைத்ததில், நோயே அண்டாமல் மூன்று பேர் ஒடுங்கிச் செத்ததைக் கண்ணால் பார்த்தவள். அதன் பிறகு பகலில் எந்தக் கதவையும் சாத்தக் கூடாது என்றாள். எழுந்து நடக்க முடிகிறவர் யாருக்கும் சாப்பாட்டுத் தட்டு அறைக்குப் போகக் கூடாது என்றாள். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் ஒவ்வொருவரின் பேரையும் இன்னும் இரண்டு பேராவது சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் போட்டாள். அந்தச் சட்டத்தை நடத்திக் காட்டியது நாச்சியம்மாள்தான்.

தம்பி சாஜித்தின் நிக்காஹுக்காகப் பன்னிரண்டு நாள் லீவு போட்ட ரிஃபானா, கிளம்பும்போது நாச்சியம்மாளிடம் வந்து நின்றாள்.

"நாளைக்கு ஒரு அம்மா புதுசா வாராங்க. சக்கரை வியாதில ரெண்டு கண்ணும் போயிருச்சு. கண்ணு தெரியாதவங்களுக்குப் பேச்சுதான் எல்லாமே. நான் வர்ற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும்."

"நீ நிம்மதியாப் போயிட்டு வா அம்மணி. பிரியாணியில பங்கு மட்டும் மறந்துபோடாத."

மறுநாள் பத்து மணிக்குக் கார் வந்தது. நாச்சியம்மாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வீல் சேரில் இறக்கி உட்கார வைத்த உருவத்தைப் பார்த்தாள். வலது புருவத்தின் மேல் அந்தத் தழும்பு. மூக்கின் இரண்டு பக்கமும் எட்டுக்கல் மூக்குத்தி. உப்புக் கேள்வியை அவள் கேட்கவில்லை.

மாராத்தாள். அவளுடைய ஓரகத்தி. புருஷன் கந்தப்பனுக்கு அண்ணி.

காங்கேயத்துக்குத் தெற்கே அவர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். கந்தப்பனின் அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அண்ணிதான் அவனை வளர்த்தாள். அவள் சொல்லுக்கு மறு சொல் அந்த வீட்டில் கிடையாது. அண்ணன் பாலுசாமியே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். இரண்டாயிரத்து இரண்டில் பூங்கொடி, பெருந்துறை பனியன் கம்பெனியில் கூட வேலை பார்த்த வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நாச்சியம்மாள் கூடப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அவள் வீட்டுக்குள் கால் வைத்தபோது மாராத்தாள் அடுப்படியில் நின்றிருந்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"இனி இவகூட ஒரு வார்த்தை பேசறவங்க யாரா இருந்தாலும் அவங்க எனக்கு ஒறம்பரையும் இல்லை, ஒறவும் இல்லை" என்றாள்.

அவ்வளவுதான். பதினோரு வருஷம். ஒரே உலையில் வெந்த சோறு, ஒரே கிணற்றுத் தண்ணீர், நாச்சியம்மாளோடு யாரும் பேசவில்லை. மாராத்தாளின் பிள்ளைகள் பேசவில்லை, பண்ணையத்துக்கு வரும் ஆட்கள் பேசவில்லை. கட்டின புருஷன் பேசவில்லை. கந்தப்பன் கெட்டவனில்லை. அண்ணிக்குப் பயந்தவன். கட்டுத்தரைக்குப் போய் மயிலைப் பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "ஏய் மயிலை, எனக்குக் காய்ச்சலடிக்குது, கஞ்சி வெக்கச் சொல்லு" என்பான். சாணி வழித்துக்கொண்டிருக்கும் நாச்சியம்மாள், "இஞ்சி தட்டிப் போடட்டுமான்னு கேளு மயிலை" என்பாள். ஏழு வருஷம் அவர்களுக்கு அதுதான் குடித்தனம். விஷயம் தெரிந்ததும் மாராத்தாள் அந்தப் பசுவை அந்தியூர்ச் சந்தைக்கு ஓட்டிவிட்டாள். அதன் பிறகு நாலு வருஷம் அதுவும் இல்லை. கந்தப்பன் பக்கவாதம் வந்து கிடந்து செத்த அன்று, நாச்சியம்மாள் கால்மாட்டில் நின்றாள். தலைமாட்டில் மாராத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவன் உதடு அசைந்தது. கண்ணைத் திருப்பி அண்ணியைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். பிறகு திறக்கவேயில்லை. காரியம் முடிந்த கையோடு நாச்சியம்மாள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது அதே மாராத்தாள், வெள்ளை விழுந்த கண்களை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, "ஏனுங்க, யாராவது இருக்கீங்களா? இது எந்தப் பக்கமுங்க வாசல்?" என்று கேட்டாள்.

நாச்சியம்மாள் பதில் சொல்லாமல் உள்ளே போனாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டி அவள் சொன்ன பொய் சின்னதுதான். "புதுசா வந்திருக்கற அம்மாவுக்கு மண்டையில என்னமோ கோளாறுங்க. பேச்சுச் சத்தம் கேட்டா பிட்ஸ் வந்துருமாம். அதுவா கேட்டாலும் யாரும் பதில் பேசிப்போடாதீங்க. ஆயாம்மா மட்டும் பாத்துக்குவாங்க. கொஞ்ச நாளைக்குத்தான்."

நாச்சியம்மாள் சொன்னால் அங்கே மறுபேச்சு ஏது? யார் வாயையும் திறக்க வைக்கிறவளே வேண்டாம் என்கிறாள் என்றால் காரணம் இருக்கும் என்று நினைத்தார்கள். 'கொஞ்ச நாள்' எத்தனை நாள் என்பதை அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள். வருஷத்துக்கு ஒரு நாள்.

மாராத்தாளை எட்டுப் பேர் உட்காரும் மேஜையில் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாச்சியம்மாள் நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு என்ன பொரியலுங்க?" என்று கேட்டாள் மாராத்தாள்.

ஏழு பேரும் கையைத் தட்டில் வைத்தபடி அசையாமல் இருந்தார்கள்.

"ஏனுங்க, பக்கத்துல யாரும் இல்லீங்களா? தட்டுச் சத்தம் கேட்டுதே."

யாரோ தண்ணீர் குடித்தார்கள். மாராத்தாள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். கையை நீட்டி மேஜை மேல் தடவினாள். பக்கத்திலிருந்த அப்துல் முத்தலிப்பின் விரல் தட்டுப்பட்டது. ஒப்பணக்கார வீதியில் நாற்பது வருஷம் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், வாயாடிப் பாய். அவர் நாச்சியம்மாளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். மாராத்தாளின் கை அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தது.

அன்றைக்கு நாச்சியம்மாள் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

மூன்றாம் நாள் மாராத்தாள் சத்தம் போட்டாள். "இது என்ன ஊமைக் கூடாரமா? மனுசங்க இருக்கறீங்களா, செத்துப்போயிட்டீங்களா?" ஐந்தாம் நாள் கெஞ்சினாள். ஆறாம் நாளிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்து, போகிற செருப்புச் சத்தத்தோடு பேச ஆரம்பித்தாள். "மெதுவாப் போங்க சாமி. நல்லா இருங்க." மருந்து கொடுக்க வரும் ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். ஆயாம்மாவுக்கோ இன்னும் பதினாறு பேர் இருந்தார்கள். நாச்சியம்மாள் எதையும் விடாமல் பார்த்தாள். வராந்தாவில் எதிர் நாற்காலி அவளுடையது. ஆறடி தூரத்தில் உட்கார்ந்து, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல், பசித்தவள் சோற்றைப் பார்ப்பதுபோல அந்த முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அந்த முகத்திலிருந்து ஏதோ ஒன்று குறைந்தது. 'இது மூணாவது வருஷம், இது அஞ்சாவது' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பாவமாக இல்லை. ஒரு துளிகூட இல்லை.

ஒன்பதாம் நாள் மாராத்தாள் பேசுவதை நிறுத்தினாள். பத்தாம் நாள் சோறு வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பதினோராம் நாள் எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, உடம்பில் புதிதாக ஒன்றும் இல்லை, வாழற ஆசையை விட்டுட்டாங்க போலிருக்கு என்றார்.

முத்தலிப் பாய் நாச்சியம்மாளைத் தேடி வந்தார். "அம்மணி, எனக்கு மனசு கேக்கல. அந்தம்மா கை அன்னிக்கு எப்படித் தேடுச்சு தெரியுமா? பிட்ஸ் வந்தா வந்துட்டுப் போகுது. ஒரு ஸலாமாவது சொல்லிட்டு வாரேன்."

"டாக்டர் சொன்னதுங்க பாய்" என்றாள் நாச்சியம்மாள்.

"டாக்டரைத்தான் இப்ப கேட்டேன். அப்படி எதுவும் அவரு சொல்லவேயில்லையாமே?"

நாச்சியம்மாள் தாயக்கட்டையை உருட்டினாள். பாய் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை ரிஃபானா வந்தாள். பாய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவள் நாச்சியம்மாளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள்.

"ஏனுங்கம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? நீங்களா?"

நாச்சியம்மாள் சொன்னாள். அடுப்படியிலிருந்து ஆரம்பித்து, மயிலைப் பசு, கந்தப்பனின் உதடு வரை. இருபத்து மூன்று வருஷத்தில் வெளியாள் ஒருவரிடம் அதைச் சொல்வது அதுவே முதல் தடவை. அழாமல் சொன்னாள். ரிஃபானாவின் கண்தான் கலங்கியது.

"வர்றவங்க பேரைச் சொல்லாம நான் போனது என் தப்பு" என்றாள் ரிஃபானா. பிறகு, "மன்னிங்கன்னு உங்ககிட்ட நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவங்க இன்னும் நாலு நாள்ல செத்துருவாங்க. யாரு செஞ்சாங்க, எதுக்குச் செஞ்சாங்கன்னு தெரியாமயே போயிருவாங்க. இங்க இருக்கறவங்க ஈவு இரக்கம் இல்லாதவங்கன்னு நெனைச்சுட்டுப் போவாங்க. அது போதுமாங்க உங்களுக்கு?"

நாச்சியம்மாள் அதை யோசித்திருக்கவில்லை. பதினோரு நாளும் அவள் மட்டுமே ருசித்த பழி அது. வாங்கியவளுக்கு அது பழியென்றே தெரியாது.

"போதாது" என்றாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மாராத்தாள் சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. நாச்சியம்மாள் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா."

கட்டிலில் அசைவு. "யாரு? யாரு பேசறது?"

"நாச்சியம்மாங்க."

"எந்த நாச்சி?"

"கந்தப்பன் பொண்டாட்டிங்க. பூங்கொடியோட அம்மா. நீங்க பதினோரு வருசம் பேச்சு நிறுத்தி வெச்சவ."

மாராத்தாளின் கை போர்வையைப் பிடித்தது. "நீ இங்கயா இருக்கற?"

"நாலு வருசமா இருக்கறேனுங்க. நீங்க வந்த நாள்ல இருந்து உங்க எதிர்லதான் உக்காந்து சோறு தின்னேன். உங்ககூட யாரும் பேசக் கூடாதுன்னு சொன்னது நான்தானுங்க. வருசத்துக்கு ஒரு நாள் கணக்கு. நேத்தோட முடிஞ்சுது."

எவ்வளவு ஆத்திரத்திலும் அந்த 'ங்க' நாச்சியம்மாள் வாயிலிருந்து போகவில்லை. மாராத்தாள் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். முகம் சிவந்தது. இரண்டு நாளில் அந்த முகத்துக்கு வந்த முதல் ரத்தம்.

"அடிப் பாவி. கண்ணு தெரியாதவகிட்டயா இப்படிப் பண்ணினே?"

"கண்ணு தெரிஞ்சவகிட்ட நீங்க பண்ணினீங்க. ஆளு ஆளா மொகத்தைத் திருப்பிட்டுப் போறதை நான் கண்ணால பாத்தேன். உங்களுக்கு அது இல்லீங்களே."

"நான் குடும்ப மானத்துக்குப் பண்ணினேன். நீ என்ன மானத்துக்குப் பண்ணினே?"

"என்ற மானத்துக்குங்க."

"உன்ற மானம்! சாதி கெட்டவனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவளுக்கு மானம் ஒரு கேடா? நீ வந்த நாள்ல இருந்தே..." இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, "தண்ணி குடு. தொண்டை வறண்டுபோச்சு. உன்னைய வையக்கூட முடியல" என்றாள்.

நாச்சியம்மாள் டம்ளரை அவள் கையில் வைத்தாள். மாராத்தாள் முழுக்கக் குடித்தாள். மேலும் வைதாள். மத்தியானம் அரை டம்ளர் கஞ்சி குடித்ததாக ஆயாம்மா வந்து அதிசயமாகச் சொன்னாள்.

அன்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் நாச்சியம்மாள் தன் பொய்யை ஒத்துக்கொண்டாள். யாரும் அதைச் சிரித்துத் தள்ளிவிடவில்லை. ரிட்டையர்டு வாத்தியார் கோவிந்தராஜுலு, "உங்க பகைக்கு எங்க வாயைக் கட்டிட்டீங்களேம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் அவளோடு தாயம் ஆடவில்லை. அது அவளுக்கு உறைத்தது. ஆனாலும் வருத்தப்படுவதாக அவள் சொல்லவில்லை. பாய் நேராக மாராத்தாளின் அறைக்குப் போய், அன்று கையை இழுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு மணி நேரம் பட்டுச்சேலைகளைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார்.

நாச்சியம்மாள் தினமும் நாலு மணி டீக்குப் பிறகு அந்த அறைக்குப் போனாள். ஒவ்வொரு நாளும் ஒரு வருஷத்தை எடுத்துப் பேசினாள். முதல் தீபாவளிக்குத் தனக்கு மட்டும் துணி எடுக்காததை. ஊர் நோம்பியன்று அம்மன் கோயிலில் தன் மாவிளக்கைத் தனியாக நகர்த்தி வைத்ததை. மாராத்தாள் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. நாளுக்கு நாள் குரல் தெம்பாகிச் சண்டை போட்டாள். சண்டைக்குத் தெம்பு வேண்டுமென்று சாப்பிட்டாள். மூன்று மணிக்கே ஆயாம்மாவிடம் தலைவாரிவிடச் சொல்லி, எழுந்து உட்கார்ந்து காத்திருந்தாள். இப்படி ஒருத்தி தன்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது நாச்சியம்மாளுக்கு எரிச்சலாக இருந்தது. அதற்காகப் போகாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை.

கடைசி வருஷத்துக்கு வந்த அன்று அவள் நேராகக் கேட்டாள். "அவரு சாகற அன்னிக்கு உங்களைப் பாத்தாரே, எதுக்குங்க?"

மாராத்தாள் வழக்கம்போல் சீறவில்லை. போர்வை நூலைப் பிரித்தபடியே சொன்னாள்.

"அதுக்கு முந்தின நாள் நீ தண்ணி சேந்தப் போயிருந்தே. கொழறிக் கொழறிக் கேட்டான். நாச்சிகூட ஒரு வார்த்தை பேசிக்கட்டுமா அண்ணின்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னேன்."

"என்ன வார்த்தைன்னு கேட்டீங்களா?"

"கேக்கல. கேட்டிருந்தா உட்டிருப்பேன்னு பயந்துட்டேன்."

நாச்சியம்மாள் எழுந்து வந்துவிட்டாள். மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மாராத்தாள் பாயிடம் சொல்லியனுப்பினாள், ஆயாம்மாவிடம் சொல்லியனுப்பினாள். நாலாம் நாள் நாச்சியம்மாள் வாசற்படியில் நின்றபடியே பேசினாள்.

"ஞாயித்துக்கெழமை உங்க மகன் வாராருங்களா?"

"வாரான்னு சொன்னான்."

"பூங்கொடியையும் வரச் சொல்லியிருக்கறேன். என்னைய ஒதுக்கினது நாலு பேர் முன்னாடி. இதையும் நாலு பேர் முன்னாடி சொல்லுங்க. அதுக்கப்பறம் நான் இந்த ரூமுக்கு வருவேன். சொல்லலீன்னா வரமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் ஆலை நடத்தும் மாராத்தாளின் மகன் தமிழ்வேந்தன் ஆப்பிளும் பிஸ்கட்டுமாக வந்தான். சின்னம்மாவைக் கண்டதும் தலை குனிந்தான். அந்தப் பதினோரு வருஷத்தில் பேசாதவர்களில் அவனும் ஒருவன். பூங்கொடி அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சாப்பாட்டுக் கூடம் நிறைந்திருந்தது. மாராத்தாள் வீல் சேரில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆள் இருக்கும் திசை தெரியாமல் பொதுவாகச் சொன்னாள்.

"நாச்சிகூடப் பேச வேண்டாம்னு ஊட்டுல சொன்னது நான். கந்தப்பன் பேசறேன்னு கேட்டான். சாகப்போற நேரத்துல கேட்டான். நான் உடல. அது நான் செஞ்ச அக்கிரமம்."

"அம்மா, எதுக்கு இப்ப இதெல்லாம்..." என்று தமிழ்வேந்தன் தடுத்தான்.

"நீ சும்மா இரு. நீயும்தான் பேசல. அவகிட்டப் போய்ப் பேசு."

அவன் வந்து நாச்சியம்மாள் முன்னால் நின்று, "சின்னம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றான். ஐம்பது வயது ஆண்பிள்ளைக்கு அதற்கு மேல் வரவில்லை. பூங்கொடி முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். நாச்சியம்மாள் அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அவன் நெற்றி வேர்க்கிறவரை பதில் சொல்லாமல் நிற்க வைத்தாள். பிறகுதான், "இருக்கறேன் கண்ணு" என்றாள். நெஞ்சுக்குள் ஒரு கல் இறங்கி உட்கார்ந்ததுபோல் திடமாக இருந்தது. வெட்கமாக இல்லை. கேட்டதை வாங்கியாயிற்று.

திங்கட்கிழமை நாலு மணிக்கு, சொன்னபடி, அவள் அறைக்குப் போனாள். மாராத்தாள் தலைவாரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் டீ குடித்தார்கள்.

"நாச்சி, அவன் என்ன சொல்லியிருப்பான்னு நீ நெனைக்கற?" என்று மாராத்தாள் மெதுவாகக் கேட்டாள். "எனக்கு அதே ரோசனையா இருக்குது. உனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ அவன்கூட வாழ்ந்தவ."

நாச்சியம்மாளுக்குத் தெரியும் என்றுதான் தோன்றியது. அந்த மூன்று நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அதைத்தான் யோசித்தாள். யோசித்து, கந்தப்பனின் குரலிலேயே ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"தெரியுமுங்க" என்றாள். "ஆனா அதை உங்ககிட்டச் சொல்லமாட்டேன்."

"ஏன் புள்ள?"

"அது அவரு எனக்குச் சொன்னது."

மாராத்தாள் டம்ளரை நீட்டினாள். நாச்சியம்மாள் வாங்கிக் கீழே வைத்தாள். செவ்வாய்க்கிழமையும் மாராத்தாள் அதையே கேட்டாள்.